கடைக் கம்ப்யூட்டருக்கு மாட்டின டிவி

அண்ணாச்சி, அந்தப் பெட்டிய இப்படி உள்பக்கமாச் சாத்தி வையுங்க. இந்த டிரைவர் பிரேக் போட்டாம்னா நேரா போய் கம்பியில முட்டிக்கிடும். டிவியா? முப்பத்திரண்டு இஞ்சா? நல்லது, நல்லது. கோவில்பட்டியில வாங்கினீகளாக்கும். வீட்டுக்கா?

என்னது, மக கம்ப்யூட்டருக்கு மாட்டவா?

அட போங்க அண்ணாச்சி. இத முன்னாடியே சொல்லியிருந்தீகன்னா பஸ் ஸ்டாண்டுலயே ஒங்களத் திருப்பி அனுப்பியிருப்பேன். இல்ல, டிவிய நான் குத்தஞ் சொல்லல. டிவி நல்ல சாமான்தான். நாலு பேர் உக்காந்து பாக்குறதுக்குச் செஞ்ச சாமான். அதக் கொண்டாந்து மேசை மேல வச்சி, மூஞ்சிக்கு நேரா வச்சி, எழுத்து பாக்குறேன்னு உக்காந்தா... சரி விடுங்க. நீங்க எங்க எறங்கணும்? சங்கரன்கோவிலா. நான் கழுகுமலை. நேரம் இருக்கு, சொல்றேன்.

கழுகுமலை பஜார்ல சங்கிலி டிஜிட்டல்ஸ்னு கேட்டா யாரும் காட்டுவாக. நம்ம கடைதான். நான்தான் சங்கிலி. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, எழவு, எதுன்னாலும் பிளெக்ஸ் நம்ம கடையில டிசைன் ஆகும். பிரிண்டு மட்டும் கோவில்பட்டி. இந்தா கையில சுருட்டி வச்சிருக்கேன்ல, இதெல்லாம் அதான். முன்னாடி ஒரு கட்டு வரும், தூக்க முடியாது. இப்ப ஒத்தக் கையில பிடிச்சிட்டு வாரேன். ஏன்னு கேளுங்க.

எனக்கு ஒரே தங்கச்சி. ஆவுடைன்னு பேரு. அம்மாவும் அப்பாவும் போனப்ப அவ பள்ளிக்கூடம் போயிட்டு இருந்தா. நான்தான் வளத்தேன். நான் வளத்தது ஊருக்கே தெரியும். தெரியாதவுகளுக்கு நானே சொல்லியிருக்கேன். டிசைன் படிக்க வச்சேன், கடையில உக்கார வச்சேன். அவ கைய வச்சா அம்சமா வரும், அதையும் இல்லன்னு சொல்லல. ஆனா கடை யாரு கடை? என் கடை. போர்டுல யாரு பேரு? என் பேரு.

கடையில இருந்த பழைய மானிட்டர் ஒருநாள் புகைஞ்சு போச்சு. 'அண்ணே, ஒரு மானிட்டர் வாங்கித் தா'ன்னா. எதுக்கு வாங்கணும்? வீட்டுல எம் பொண்டாட்டி சீராக் கொண்டாந்த டிவி சொவத்துல தொங்குது. எச்டி டிவி. பின்னாடி பாத்தா கம்ப்யூட்டர் வயர் மாட்டுற ஓட்டையும் இருக்கு. கழட்டிக் கொண்டாந்து மாட்டிட்டேன். எம் பொண்டாட்டி மூணு நாளு சோத்தத் தட்டுல போடல, எறிஞ்சா. அது வேற கத.

மாட்டின அன்னைக்கு நீங்க பாத்திருக்கணும் அண்ணாச்சி! மூஞ்சி ஒண்ணொண்ணும் இம்புட்டுப் பெருசு. பச்சைன்னா பச்சை, சிவப்புன்னா சிவப்பு. வர்ற கஸ்டமர் எல்லாம் பெஞ்சுல உக்காந்து அவுக மூஞ்சிய அவுகளே பாத்து, 'என்ன சங்கிலி, தியேட்டர் தொறந்துட்ட'ம்பாக. டீ வாங்கிக் குடுத்தா இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்து பாத்துட்டுப் போவாக. நம்ம கடைக்கு ஒரு களை வந்துச்சு.

அவளுக்கு மட்டும் பிடிக்கல. எழுத்தெல்லாம் பிசிறடிக்குதுன்னா. கண்ணுல தண்ணி வருதுன்னா. இதுல தெரியுற கலரு வேற, பிரிண்டுல வர்ற கலரு வேறன்னா. அதெல்லாங்கூடப் பரவாயில்ல. 'அண்ணே, இது நாலு பக்கமும் ஓரத்த வெட்டுது. ஒரு வெரல் அகலம் தெரியவே மாட்டேங்குது'ன்னு ஆரம்பிச்சா. டிவிக்காரன் அப்படித்தான் வப்பானாம், படத்தக் கொஞ்சம் பெருசாக்கிக் காட்டுவானாம், ஓரம் வெளிய போயிருமாம். ரிமோட்ல ஒரு செட்டிங் இருக்காம், அத மாத்தினா முழுசும் தெரியுமாம். மாத்தியும் காட்டினா. நான் சாயங்காலம் கிரிக்கெட் பாக்க உக்காந்தா படம் சூம்பிப் போன மாதிரி எனக்குப் பட்டுச்சு. பழையபடி மாத்தி வச்சிட்டு ரிமோட்ட என் சட்டப் பையில போட்டுக்கிட்டேன். கடையில டிவி ஒண்ணு, அதுக்கு ரெண்டு முதலாளியா?

அப்புறம் அவ கேக்கல. ஒவ்வொரு டிசைனையும் அனுப்புறதுக்கு முன்னாடி மேல இழுத்துப் பாப்பா, கீழ இழுத்துப் பாப்பா, இடது பக்கம் தள்ளிப் பாப்பா. நான் நெனச்சேன், என்னக் குத்திக் காட்டத்தான் இப்படிப் பண்றான்னு. 'போதும்டி, அதான் முழுசாத் தெரியுதுல்ல, அனுப்பு'ன்னு எத்தனையோ தடவ வஞ்சிருக்கேன். வாயே தொறக்க மாட்டா. அதான் அவகிட்ட எனக்குப் பிடிக்காதது. மனசுல உள்ளத சொல்லித் தொலைய மாட்டா.

இப்படி இருக்கும்போது அவளுக்கு வரன் வந்துச்சு. சிவகிரிப் பக்கம். மாப்பிள்ள இசக்கிராஜ், பாலிடெக்னிக்குல லேப் பாக்குறவரு. தங்கமான புள்ள. நானே சொல்றேன், தங்கமான புள்ள. அவருக்கு அப்பா இல்ல, தவறி ஒரு வருசந்தான் ஆகியிருந்துச்சு. அம்மா இருக்காக, தாய்மாமன் இருக்காக. பேசி முடிச்ச அன்னையிலருந்து இவ மொகமே வேற ஆயிப்போச்சு. கடையில உக்காந்து பாட்டு முணுமுணுப்பா. என் தங்கச்சி பாடி நான் கேட்டதே இல்ல அண்ணாச்சி.

பந்தக்கால் ஊனியாச்சு. அதுக்கப்புறம் பொண்ணு வாசல் தாண்டக் கூடாதுல்ல, அவ வீட்டோட இருந்துட்டா. கல்யாண பிளெக்ஸ் யாரு பண்றது? 'பக்கத்துக் கடையில குடுத்துருண்ணே'ன்னா. எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. சங்கிலி தங்கச்சி கல்யாணத்துக்கு எவனோ பிளெக்ஸ் அடிக்கிறதா? நானே பண்றேன்னேன். ஆசைதான். வேறென்ன? சிரிச்சா. 'நீயா'ன்னா. 'ஏன், எனக்கு வராதா'ன்னேன். 'பண்ணுண்ணே, ஆனா கீழ இழுத்துப் பாத்து அனுப்பு'ன்னா. கல்யாணப் பொண்ணு, அப்பவும் அதே பேச்சு.

நம்ம தொழில்ல புதுசா ஒண்ணும் பண்றது இல்ல, பாத்துக்கோங்க. கம்ப்யூட்டர்ல கெடக்குற பழைய பைல எடுக்க வேண்டியது, மூஞ்சிய மாத்தினா கல்யாணம், எழுத்த மாத்தினா காதுகுத்து. எல்லாக் கடையிலயும் அதான் நடைமுறை. எங்கூர்ல பெரிய மில்லுக்காரரு ஒருத்தரு தவறினப்ப, ஆவுடை ஒரு பிரேம் போட்டிருந்தா. தங்கக் கலர்ல சுத்தி வேலைப்பாடு, ரெண்டு பக்கமும் குத்துவெளக்கு. அம்புட்டு அழகு. அந்த மனுசனுக்குப் போய் அத வீணாக்கிட்டாளேன்னு நான் அப்பவே நெனச்சேன். அத எடுத்தேன். அவரு மூஞ்சியத் தூக்கினேன். மேல இருந்த கண்ணீர் அஞ்சலியத் தூக்கினேன். தோற்றம், மறைவு தூக்கினேன். பொண்ணு மாப்பிள்ளையப் போட்டேன், பேரப் போட்டேன். கை கும்பிட்ட மாதிரி என் படம் ஒண்ணும் போட்டேன், கொஞ்சம் பெருசாவே. அண்ணன்ல. வரவேற்குறது நான்ல.

முழுசா விரிச்சு டிவியில பாத்தேன். எங்க பாத்தாலும் ஜொலிக்குது. டீக்கடைக்காரரக் கூப்பிட்டுக் காட்டினேன், துணிக்கடைக்காரரக் கூப்பிட்டுக் காட்டினேன். 'சூப்பர் சங்கிலி'ன்னாக. அவுகளும் முழுசாத்தான் பாத்தாக. அவுக கண்ணுக்கும் தெரியல. அப்புறம் என்ன மட்டும் கேட்டா என்ன நியாயம்?

பிரிண்டு போட்டு வந்துச்சு, சுருட்டினபடியே மண்டபத்துக்குப் போயிருச்சு. கட்டுறவுக வந்து வாசல்ல கட்டிட்டாக. நான் சமையக்காரன், சாமியானாக்காரன்னு ஓடிக்கிட்டிருக்கேன். ஒருத்தன் கூட அண்ணாந்து பாத்து வாசிக்கல. பிளெக்ஸ எவன் வாசிக்கிறான்? மூஞ்சியப் பாப்பான், போவான்.

சாயங்காலம் மாப்பிள்ள அழைப்பு. மேளம், வெடி, எல்லாரும் மண்டப வாசலுக்கு வந்துட்டாக. ஆரத்தித் தட்டு உள்ள இருந்து வரக் கொஞ்சம் சொணங்கிருச்சு. அந்த நேரத்துல மாப்பிள்ளையோட அத்தை நிமிந்து பாத்துருக்கா. வாசிக்கிறா, ஊருக்கே கேக்குற மாதிரி. 'பிரிவால் வாடும் குடும்பத்தார்'. அடியில, மஞ்ச எழுத்துல, கடைசி ஓரத்துல. மில்லுக்காரர் வீட்டு வரி. டிவி அத எனக்குக் காட்டவே இல்ல அண்ணாச்சி! சத்தியமா என் கண்ணுல படவே இல்ல!

மேளம் நின்னுருச்சு. மாப்பிள்ளையோட அம்மா அப்படியே தூணுல சாஞ்சுட்டாக. புருசனப் பறிகுடுத்து ஒரு வருசம் ஆன பொம்பள. மகன் கல்யாணத்துல வாசல்லயே இதப் பாத்தா எப்படி இருக்கும்? எனக்குப் புரியுது. நான் ஒண்ணும் கல்லு இல்ல. தாய்மாமன் என் சட்டயப் பிடிக்காத குறைதான். 'யாருய்யா இத அடிச்சது? எந்தக் கடை?'ன்னு கத்துறாரு.

என் கடைன்னு பிளெக்ஸ்லயே போன் நம்பரோட போட்டிருக்கு. மறைக்க முடியுமா? அம்புட்டுப் பேரும் என் மூஞ்சியப் பாக்குறாக. மேல பிளெக்ஸ்ல நான் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறேன், கீழயும் நிக்கிறேன். பஜாரே அங்கதான் இருக்கு. என் கஸ்டமர் அம்புட்டுப் பேரும் அங்கதான் நிக்கிறாக. நான் சொன்னேன், 'எங்கடையில டிசைன் பாக்குறது என் தங்கச்சிதான். அவ பாத்ததுதான்.'

இதுல என்ன பொய்? கடையில டிசைன் பாக்குறது அவதான? ஊருக்கே தெரியும்ல? நான் நெனச்சது என்னன்னா, பொண்ணுன்னா கோவப்பட மாட்டாக, சின்னப்புள்ள தெரியாமப் பண்ணிருச்சுன்னு விட்டுருவாக. நல்லதுக்குத்தான் சொன்னேன்.

ஆனா அந்த அத்தை இருக்காளே, விஷம். 'பொண்ணே அடிச்சதா? தன் கல்யாணத்துக்குத் தானே எழவுப் போர்டு அடிச்சிருக்கான்னா, அவளுக்கு இந்தக் கல்யாணம் பிடிக்கலன்னுதான அர்த்தம்!'னு எடுத்துக் குடுத்தா. பிடிச்சுக்கிட்டாக. திபுதிபுன்னு பொண்ணு அறைக்குப் போனாக. நானும் பின்னாடியே போனேன்.

ஆவுடை ஒத்தப் பக்கம் பூ வச்சபடி உக்காந்திருக்கா. இன்னொரு பக்கம் வைக்கிறதுக்குள்ள இவுக உள்ள போயிட்டாக. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தாய்மாமன் போன்ல போட்டோ எடுத்திருந்தாரு, அத நீட்டினாரு. பாத்தா. 'நீயாம்மா அடிச்ச? ஒங்கண்ணன் நீதான்னு சொல்றாரு'ன்னாரு.

என் பக்கம் திரும்பிப் பாத்தா. பெறகு 'ஆமா'ன்னா.

அம்புட்டுத்தான். ஒரு 'ஆமா'. ஏன், 'ஆமா, தெரியாம நடந்துபோச்சு, மன்னிச்சிருங்க'ன்னு சேத்துச் சொன்னா வாய் வெந்துபோகுமா? கால்ல விழுந்திருந்தா முடிஞ்சிருக்கும். காலையில தாலி ஏறியிருக்கும். மாப்பிள்ள வந்து அறை வாசல்ல நின்னாரு. 'பிடிக்கலன்னா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே ஆவுடை'ன்னாரு. கல்லுப் பிள்ளையாரு மாதிரி உக்காந்திருந்தா. வந்த வண்டியிலயே திரும்பிப் போயிட்டாக. பந்தியில எல போட்டது போட்டபடி இருக்கு. நான் தலையில துண்டப் போட்டு உக்காந்தேன் அண்ணாச்சி. அத யாரு கேட்டா? எல்லாரும் அவளப் போயித்தான் கட்டிப்பிடிச்சு அழுதாளுக.

கொஞ்ச நாள் கழிச்சு அவ மதுரைக்குப் போயிட்டா. ஏதோ பெரிய பிரஸ்ஸாம், ஆஸ்டல்ல இருந்து வேல பாக்குறாளாம். என்கிட்ட சொல்லிக்கல. எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கா. வளத்தவன் நான், சொல்லிக்கிட்டது அவகிட்ட.

இதுக்கு மேலதான் கூத்து. ஒருநாள் கடையில இருக்கேன், நல்ல கூட்டம், இசக்கிராஜ் வந்து நிக்கிறாரு. எளைச்சுப் போயிருந்தாரு. 'வாங்க'ன்னேன். மரியாதையாத்தான் சொன்னேன். அவரு அந்த டிவியப் பாக்குறாரு, என்னப் பாக்குறாரு. 'அண்ணே, பந்தக்கால் ஊனினதுக்கு அப்புறம் பொண்ணு வெளிய வராதுல்ல. அவ வீட்டுக்குள்ளதான் இருந்தா. அந்த வாரம் பூரா என்கூடப் போன்ல பேசிட்டுத்தான் இருந்தா. அவளே சொன்னா, எங்கண்ணன் ஆசை ஆசையா நானே பிளெக்ஸ் பண்றேன்னு உக்காந்திருக்கு, எனக்கு ரொம்பச் சந்தோசமா இருக்குன்னு. அன்னைக்கு அவ ஆமான்னு சொன்னதும் எனக்குப் புத்தி கலங்கிப்போச்சு. இப்பத்தான் யோசிச்சேன். நீங்க எங்க வீட்டுக்கு வந்து எங்கம்மாகிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க, நான்தான் பண்ணினேன், கவனிக்கலன்னு. அது போதும். கோயில்ல வச்சுக் கட்டிக்கிறேன்'கிறாரு.

நல்லாத்தான் பேசினாரு. ஆனா எங்க வச்சுப் பேசுறாரு பாருங்க. கடையில. பெஞ்சுல ஆள் உக்காந்திருக்கு. டீக்கடைக்காரர் கிளாஸ் எடுக்க வந்தவரு அப்படியே நிக்கிறாரு. ஒரு அண்ணன்கிட்ட வந்து கேக்குற கேள்வியா அது? தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா... இல்ல, தனியாக் கேட்டாலுந்தான் என்ன சொல்றது? கல்யாண வேலைய எழவுப் பைல்ல பண்ணினவன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் வந்து கல்யாணத்துக்குப் பிளெக்ஸ் குடுப்பான்? 'எந்தங்கச்சியே ஆமான்னு சொல்லிருச்சு. சபையில சொன்ன சொல்ல நான் போய் மாத்தணுமா? கெளம்பிப் போங்க தம்பி'ன்னேன்.

போகல. நின்னுக்கிட்டே இருந்தாரு. 'அவளுக்காகண்ணே'ன்னாரு. நான் கம்ப்யூட்டர்ப் பக்கம் திரும்பிக்கிட்டேன். வேல இருந்துச்சு அண்ணாச்சி, ஒரு சடங்கு பிளெக்ஸ் அவசரம். திரும்பிப் பாத்தப்ப ஆளக் காணோம்.

போன ஆவணியில அவருக்குக் கல்யாணம் ஆயிருச்சு. விருதுநகர்ப் பொண்ணு. நல்லாருக்கட்டும்.

கஸ்டமர் போயிட்டாக. கல்யாணத்துக்குன்னு ஒருத்தரும் வர்றதில்ல, கண்ணீர் அஞ்சலிக்குத்தான் வர்றாக. அதுக்குச் சங்கிலி கடைதான் ராசின்னு ஒரு நக்கல் வேற. அதான் போன வாரம் பொறுக்க மாட்டாம எம் பொண்டாட்டி போன வாங்கி ஆவுடைக்குப் போட்டேன். என் நம்பர்னா எடுக்க மாட்டா. 'வந்து கடையில உக்காரு, நடந்தது நடந்துபோச்சு, நான் ஒண்ணும் மனசுல வச்சிக்கல'ன்னேன். எவ்வளவு எறங்கிப் போய்ப் பேசுறேன் பாருங்க. 'வரலண்ணே'ன்னா. எனக்குக் கோவம் வந்துருச்சு. 'அன்னைக்கு ஏன்டி ஆமான்னு சொன்ன? அந்த ஒரு வார்த்தையாலதான எல்லாம் போச்சு'ன்னு கேட்டுட்டேன். கேக்கணும்ல? இத்தன நாளா நெஞ்சுல கெடந்து உறுத்துற கேள்வி.

பேசினா. அழுகையெல்லாம் இல்ல. சாதாரணமாத்தான் பேசினா. 'நான் இல்லன்னு சொன்னா அத்தன பேர் முன்னாடி நீ பொய்யனாயிருவ. அதனால சொன்னேண்ணே. ஆனா சொல்றதுக்கு முன்னாடி ஒன் மொகத்தப் பாத்தேன். இல்ல, நான்தான் பண்ணினேன்னு நீயே சொல்லிருவன்னு நெனச்சேன். நீ குனிஞ்சுக்கிட்ட'ன்னா. போன வச்சிட்டா.

எப்படிப் பழி போடுறா பாத்தீகளா! நான் எதுக்கு அண்ணாச்சி குனியணும்? என் பட்டு வேட்டி நுனி அந்த அறைக் கதவோட கீழ்த் தாழ்ப்பாள்ல மாட்டியிருந்துச்சு. அத எடுத்து விடத்தான் குனிஞ்சேன். புது வேட்டி, இழுத்தா கிழிஞ்சிருக்கும்ல.